வாடையில் பருத்து, கச்சானில் இளைக்கும் மேசை

திருகோணமலையில் வீட்டு மேசையொன்று பிளந்தால் அநேகமாக ஆடி, ஆவணியில்தான் பிளக்கும். மரக்காலையில் ஈர மணம் மாறாத பலகையை வாங்கி, மார்கழி மழைக்குள்ளேயே ஒட்டி, நாலு பக்கமும் ஆணி அறைந்து இறுக்கிய மேசையாக அது இருக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பலகை பருக்கிறது. வைகாசிக்குப் பிறகு தரைப் பக்கமிருந்து காய்ந்த கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் அதே பலகை இளைக்கிறது. இளைக்க இடம் இல்லையென்றால் பிளந்து இடம் எடுத்துக்கொள்ளும். கீழே, சாப்பாட்டு மேசையொன்று செய்வதற்கு வரும் அளவுகளில் பாதி இந்த அசைவுக்காக வைத்தவைதான்.

அசைவு எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 30 அங்குல அகலத் தேக்கு மேற்பலகையில் மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால், அகலம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் நூல் மாறும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. தேக்கு குறைவாக அசையும் மரங்களில் ஒன்று. பல மரங்கள் இதைவிடக் கூடுதலாக அசையும். மரத்தின் வளர்ச்சி வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அரிந்த பலகையில் அசைவு பாதியளவுக்குக் குறையும். நீளவாட்டில் அசைவைக் கணக்கில் எடுக்கவே தேவையில்லை. நீளம் அசையாது, அகலம் அசையும் என்ற இந்த வேறுபாட்டிலிருந்துதான் மேசை வேலையின் எல்லா விதிகளும் பிறக்கின்றன.

மரத்தைப் பற்றி. முதல் மேசைக்குத் தேக்கு, மகோகனி, பலா மூன்றில் ஒன்று போதும். பலா உளிக்கு இசைந்து கொடுக்கும். மஞ்சளாகத் தொடங்கி வருடங்கள் போகப் போகப் பழுப்பேறும். முதிரை பார்க்கக் கண் கொள்ளாது, ஆனால் கல் மாதிரி. இழைகள் மாறி மாறி ஓடுவதால் சீவுளி ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் பிய்க்கும். அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், முகமூடி இல்லாமல் தேய்க்கக் கூடாது. பாலை நிலைக்கும் தீராந்திக்கும் உரியது, மேசைக்கு எடுக்காதீர்கள். பாரமும் வெடிப்பும் தொல்லை தரும். சவண்டலை கிடைத்தால் பாக்கியம். சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். மர வணிகத்தில் ஒரு காலத்தில் இந்த ஊரின் பெயராலேயே, 'திருகோணமலை மரம்' என்று, கடல் கடந்து போன மரம் அது. படகுக்கும் பீப்பாவுக்கும் பெயர் பெற்றது. வளைந்து கொடுக்கும் உறுதி உள்ளதால் மேசைக் கால்களுக்கு மிகவும் பொருந்தும்.

எந்த மரமானாலும் அனுமதிப்பத்திரத்தையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். வழியில் மறித்துக் கேட்டால் காட்ட வேண்டியது ஏற்றிக்கொண்டு போகிறவர்தான்.

இடித்த வீடுகளின் கதவும் நிலையும் நல்ல வாய்ப்பு. பல வருடம் காய்ந்த மரம், இனி அதிகம் முறுக்காது. ஆனால் ஒவ்வொரு அங்குலத்தையும் காந்தத்தால் தடவிப் பாருங்கள். தலை முறிந்து உள்ளே கிடக்கும் ஓர் ஆணி போதும், சீவுளியின் அலகு போய்விடும். பழைய மீன்பிடி வள்ளத்தின் பலகை மட்டும் வேண்டாம். உப்பு ஊறிய மரம் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், மேலே பூசிய வார்னிஷ் நாளடைவில் உரியும். வெண்மையான வெளி மரத்தையும் விட்டுவிட்டு உள் மரமான வைரத்தை மட்டும் எடுங்கள். மரத்தைத் துளைக்கும் உளு அந்த வெள்ளையில் உள்ள மாவுச்சத்தைத்தான் தேடி வருகிறது. பலகையின் ஓரத்தில் ஊசி முனையளவு துளையும் அடியில் மா மாதிரித் தூளும் கண்டால் அந்தப் பலகையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

நாலு பேர் இருந்து சாப்பிடும் மேசையை எடுத்துக்கொள்வோம். நீளம் 48 அங்குலம், அகலம் 30, உயரம் 30. மேற்பலகை சீவி முடித்த பிறகு 1 அங்குலத் தடிப்பு. கால்கள் நாலு, ஒவ்வொன்றும் 2½ க்கு 2½, உயரம் 29. கால்களை இணைக்கும் சட்டங்கள் 1 அங்குலத் தடிப்பு, 4 அங்குல அகலம். அப்படியானால் சட்டத்தின் கீழே 25 அங்குலம் இருக்கும். 18 அங்குல உயரக் கதிரையில் இருப்பவருக்குத் தொடைக்கு 7 அங்குலம் கிடைக்கும். சட்டத்தை 5 அங்குலமாக்கினால் மேசை இன்னும் உறுதியாகும் என்று சிலர் செய்வார்கள். இருந்து பார்த்தால் முழங்கால் இடிக்கும்.

வாங்கும்போது சீவாத அளவில் கேட்க வேண்டும். மேற்பலகைக்கு 1¼ தடிப்பு, 5½ அகலம், 50 நீளத்தில் ஆறு பலகை. கால்களுக்கு 2¾ க்கு 2¾, 31 நீளத்தில் நாலு. சட்டத்துக்கு 1¼ க்கு 4½, நீளம் 41 இல் இரண்டும் 24 இல் இரண்டும். கூட்டினால் 2.16 கன அடி வரும். கணு, வெடிப்பு, வெள்ளை என்று கழிவதற்குக் காற்பங்கு சேர்த்து 2.7 கன அடி வாங்கினால் நடுவழியில் மரம் தட்டுப்படாது. கால் மரத்தின் நுனியைப் பார்த்து வாங்குங்கள். மரத்தின் நடு நெஞ்சு காலுக்குள் இருந்தால் அது கட்டாயம் வெடிக்கும். வளையங்கள் நுனியில் மூலைக்கு மூலை சாய்ந்து ஓடினால், அந்தக் காலின் நாலு முகமும் ஒரே மாதிரி நேர் இழையோடு தெரியும்.

காய வைப்பதில் அவசரப்படுவோர்தான் அதிகம். பலகைகளை விறாந்தையில் வெயில் படாத, காற்று ஊடாடும் இடத்தில் அடுக்குங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் ஓர் அங்குலக் குறுக்குச் சட்டங்களை ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வையுங்கள். கோடு தவறினால் பலகை அந்த வளைவிலேயே காய்ந்துவிடும். இரு நுனிகளிலும் தடிப்பாகப் பெயின்ற் பூசுங்கள், நுனி முந்திக் காய்வதால்தான் அங்கே வெடிக்கிறது. காய்ந்ததா என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் ஓடாவிமார் உண்டு. அந்தக் காது இல்லாதவருக்குச் சமையலறைத் தராசு போதும். அதே பலகையில் ஒன்றரை அடித் துண்டை வெட்டி, அதன் நுனிகளிலும் பெயின்ற் பூசி, அடுக்குக்கு நடுவில் செருகி, வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வாருங்கள். தொடர்ந்து மூன்று வாரம் நிறை மாறவில்லையென்றால் மரம் ஊரின் காற்றோடு சமாதானமாகிவிட்டது. பிறகு, மேசை நிற்கப் போகும் அறைக்குள்ளேயே இரண்டு வாரம் வையுங்கள்.

ஒட்டுவதற்கு நல்ல காலம் மாசியிலிருந்து சித்திரை வரை. வாடை ஓய்ந்து, கச்சான் தொடங்காத இடைவெளி. மரமும் நடு நிலையில் இருக்கும். அங்கிருந்து பருப்பதும் இளைப்பதும் சரிபாதியாகப் பங்கிடப்படும்.

சீவும்போது முதலில் ஒரு முகத்தைத் தட்டையாக்குங்கள். முறுக்கு இருக்கிறதா என்று அறிய, நேரான இரண்டு சட்டங்களைப் பலகையின் இரு நுனியிலும் குறுக்கே வைத்து, கண்ணைத் தாழ்த்தி ஒன்றின் மேல் ஒன்றைப் பாருங்கள். இரு விளிம்பும் இணையாகத் தெரியாவிட்டால் முறுக்கு உண்டு. வேண்டிய தடிப்புக்கு ஒரு நூல் மிச்சம் வைத்துச் சீவி, இரண்டு நாள் சாத்தி வைத்து, பிறகு இறுதி அளவுக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே அடைபட்டிருந்த இழுவை முதல் சீவலில் விடுபட்டு, பலகை சிறிது வளையும். அந்த வளைவை இரண்டாம் சீவல் எடுத்துவிடும். ஒரே நாளில் முடித்தால் அது மேசையில்தான் வெளிப்படும்.

மேசையின் உயிர் கால்–சட்டப் பொருத்தில் இருக்கிறது. ஸ்குரூவும் இரும்பு மூலைத் தகடும் வைத்து ஒரு நாளில் முடிக்கலாம், ஆனால் இங்கே இரண்டு பக்கமும் கடல். இரும்பு துருவேறுவதோடு, தேக்கு போன்ற மரங்களின் துவர்ப்போடு சேர்ந்து கருநீலக் கறையையும் இறக்கும். காலில் ஒரு துளையும், அதற்குள் நுழையும்படி சட்டத்தின் நுனியைச் செதுக்கிய கழுந்தும் வைத்துச் செய்தால் இரும்புக்கே வேலையில்லை.

துளையை முதலில் வெட்ட வேண்டும். கழுந்தைத் துளைக்கு ஏற்றபடி சீவிக் குறைக்கலாம். துளையைக் கழுந்துக்கு ஏற்றபடி திருத்துவது கடினம். நாலு கால்களையும் பக்கம் பக்கமாகக் கட்டி, ஒரே முறையில் கோடு கீறுங்கள். எந்தக் கால் எந்த மூலைக்கு என்பதை மேல் நுனியில் எண் போட்டு வையுங்கள். முதன்முறை செய்வோர் அதிகம் விடும் பிழை இதுதான்: நாலு காலையும் ஒரே கைப்பக்கத்துக்கு வெட்டிவிடுவது. நான்கு கால்களில் இரண்டு மற்ற இரண்டின் கண்ணாடி உருவமாக இருக்க வேண்டும்.

சட்டத்தின் வெளி முகம் காலின் வெளி முகத்திலிருந்து 2 நூல் உள்ளே இருக்கட்டும். கழுந்தின் தடிப்பு 3 நூல், சட்டத்தின் நடுவில். இரு புறமும் காலில் முட்டி நிற்கும் தோள், இரண்டரை நூல். கழுந்தின் நீளம் 1¼ அங்குலம், துளையின் ஆழம் 1⅜, அந்த மிச்ச ஒரு நூல் பசை ஒதுங்க. கழுந்தின் அகலம் 3 அங்குலம். சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து ¾ அங்குலம், கீழிருந்து ¼ அங்குலம் வெட்டி எடுத்தது. மேலே ¾ ஏன் என்றால், துளை காலின் உச்சிவரை போனால் அங்கே மரம் திறந்து பிளக்கும். இந்த அளவில் ஒரே காலுக்குள் இரு பக்கமிருந்து வரும் துளைகள் ஒன்றையொன்று முட்டாது, நடுவில் ஒன்றரை நூல் சுவர் நிற்கும். சட்டத்தைக் காலின் நட்ட நடுவில் வைத்தால் இரண்டும் முட்டும், பிறகு கழுந்து நுனிகளை 45 பாகையில் சாய்த்து வெட்ட நேரும்.

கால் மரத்தை 31 அங்குலமாக வாங்கியதில் மேலே ஓர் அங்குலத்தை வேலை முடியும்வரை வெட்டாமல் விடுங்கள். உளி அடிக்கும்போது உச்சி பிளக்காமல் காப்பது அந்தக் கொம்புதான். துளையை இரண்டரை நூல் அலகால் வரிசையாகத் துளைத்து, அலகில் ஆழத்துக்கு ஒரு ரேப் சுற்றி, பிறகு உளியால் சுவரைச் செதுக்கி 3 நூலாக்குங்கள். கழுந்தின் தோளைப் பென்சிலால் அல்ல, கத்தி முனையால் கீறுங்கள். வாள் அந்தக் கீறலில் உட்கார்ந்தால்தான் பொருத்து வெளியில் மயிரிழையும் தெரியாமல் மூடும். கையால் தள்ளி முக்கால்வாசி போய், கடைசியில் கொட்டாப்புளியால் ஒரு மெல்லிய தட்டுக் கேட்டால் அதுதான் சரியான இறுக்கம். பலமாக அடித்தால்தான் போகும் என்றால் கால் பிளக்கும். தொளதொளவென்றால் அதே மரத்தின் சீவல் ஒன்றைக் கழுந்தின் பக்கத்தில் ஒட்டி, காய்ந்தபின் திரும்பச் செதுக்குங்கள். இடைவெளியைப் பசை நிரப்பும் என்று நம்ப வேண்டாம். வெள்ளைப் பசைக்கு இடைவெளியில் பலம் இல்லை.

சட்டங்களின் நீளம் தோளுக்குத் தோள் 37 உம் 20 உம். கழுந்து இரண்டும் சேர்த்தால் 39½ உம் 22½ உம். இதில் நாலு காலும் சட்டங்களும் சேர்ந்த கூட்டின் வெளி அளவு 42 க்கு 25 வரும், மேற்பலகை நீளத்தில் மும்மூன்று அங்குலமும் அகலத்தில் இரண்டரை அங்குலமும் வெளியே நீளும்.

ஒட்டுமுன்பே சட்டங்களின் உள் முகத்தில், மேல் விளிம்புக்கு அரை அங்குலம் கீழே, மேற்பலகையைப் பிடிக்கும் மரக் கட்டைகளுக்கான குழிகளை வெட்டி விடுங்கள். நீளச் சட்டத்தில் மூன்று, குறுஞ்சட்டத்தில் இரண்டு. ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குல நீளம், 3 நூல் உயரம், 4 நூல் ஆழம். கழுந்துக்குக் கிட்டப் போகாதீர்கள். கூடு ஒட்டிய பிறகு உள்ளே உளி பிடிக்க இடம் இருக்காது.

முதல் நாள் குறுஞ்சட்டம் ஒன்றும் கால் இரண்டுமாக இரு பக்கக் கூடுகளை மட்டும் ஒட்டுங்கள். அடுத்த நாள் நீளச் சட்டங்கள். மூலைக்கு மூலை அளந்து இரண்டும் அரை நூலுக்குள் ஒத்துவந்தால் சதுரம் சரி. வராவிட்டால் நீளமான மூலைகளில் கிளாம்ப் போட்டு இழுங்கள், பசை இறுகுமுன்.

மேற்பலகை ஒட்டுவது ஆறு பலகைகளின் ஐந்து விளிம்புப் பொருத்துகளைப் பற்றிய வேலை. வளையங்களை ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி வைக்க வேண்டும் என்பது பரவலான பேச்சு. காய்ந்த மரத்தில் அதைவிட முக்கியம் சீவும் திசை ஒன்றாக இருப்பதும், இழையின் அழகு ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதும். பலகைகளைத் தரையில் பரப்பி, மாற்றி மாற்றி வைத்து, பிடித்த அடுக்கு வந்ததும் குறுக்கே ஒரு பெரிய முக்கோணம் கீறி விடுங்கள்; பிறகு எது எங்கே என்ற குழப்பம் வராது. விளிம்புகளைச் சீவி ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தி, பின்னால் ஒரு ரோர்ச்சைப் பிடியுங்கள். நுனிகளில் வெளிச்சம் கசியக் கூடாது. நடுவில் ஒரு கடதாசித் தடிப்புக்கு வெளிச்சம் தெரிந்தால் நல்லதே. கிளாம்ப் அதை மூடும்போது நுனிகள் இறுக்கத்தில் நிற்கும், கச்சானில் முதலில் காயும் நுனி பிரியாது.

தேக்கில் எண்ணெய் உண்டு. விளிம்பு சீவிய அன்றே, ஒட்டுவதற்குச் சற்று முன், தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். நேற்றுச் சீவிய விளிம்பில் எண்ணெய் மேலே வந்திருக்கும். பசையில் ஈரம் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பகல் வெக்கையில் வெள்ளைப் பசை ஐந்து நிமிடத்தில் தோல் கட்டத் தொடங்கிவிடும், அதனால் விடிகாலையில் ஒட்ட வேண்டும். ஆறையும் ஒரே தடவையில் ஒட்ட முயல வேண்டாம். மூன்று மூன்றாக ஒட்டி, மறுநாள் இரண்டையும் இணைத்தால் கை பதறாது. 10 அங்குலத்துக்கு ஒரு கிளாம்ப், ஒன்று மேலே ஒன்று கீழே. விளிம்பு நெடுகச் சிறு மணிகளாகப் பசை பிதுங்கினால் அளவு சரி. அதை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். நீர்த்த பசை இழைக்குள் போய், வார்னிஷ் பூசியதும் வெளிறிய திட்டாக எழும்பும். அரை மணி நேரம் கழித்து, இரப்பர் பதத்தில் இருக்கும்போது பழைய உளியால் சுரண்டி எடுங்கள்.

நீளக் கிளாம்ப் விலை கூடியது, ஆனால் அது இல்லாமலும் நடக்கும். உறுதியான இரண்டு குறுக்குச் சட்டங்களின் இரு முனைகளிலும் தடுப்புக் கட்டை அடித்து, பலகைகளை அதற்குள் படுத்தி, ஒரு பக்கத்தில் எதிரெதிராக இரண்டு ஆப்பைச் செருகி அடியுங்கள். பலகை மேலே எழும்பாமல் இருக்க நடுவில் இரண்டு மண் மூட்டையை வைத்துவிட்டால், இறுக்கத்தில் இது எந்தக் கிளாம்புக்கும் குறைந்ததல்ல.

ஒட்டிய பலகையைச் சாய்வாகக் குறுக்கே சீவி மட்டமாக்கி, பிறகு இழையோடு சீவுங்கள். சாண்ட் பேப்பர் 80, 120, 180 என்று படிப்படியாக. 80 விட்ட கீறலை 120 முழுதாக எடுக்காமல் 180 க்குத் தாவினால், அந்தக் கீறல் முதல் பூச்சிலேயே பளிச்சென்று தெரியும். இரவில் பக்கவாட்டில் ஒரு விளக்கைத் தாழ்த்திப் பிடித்தால் பகலில் தெரியாத குறையெல்லாம் தெரியும்.

மேற்பலகையைக் கூட்டோடு ஒட்டக் கூடாது. இது மீற முடியாத விதி. 'ட' வடிவில் வெட்டிய சிறு மரக் கட்டைகளின் நாக்குக் குழிக்குள் போகும், அடிப்பக்கம் மேற்பலகையில் ஸ்குரூவால் பிடிக்கும். கட்டை ஓர் அங்குல அகலம், நாக்கு 3 நூல் நீளம். நடுநிலைக் காலத்தில் பொருத்தினால் நீளச் சட்டங்களில் நாக்கை 2 நூல் உள்ளே விடுங்கள், மேற்பலகை இரு பக்கமும் நகர இடம் இருக்கும். குறுஞ்சட்டத்தில் கட்டை குழியின் நடுவில் நின்று இடம் வலமாக நகரும். குறுஞ்சட்டம் இரண்டின் நட்ட நடுவில் மட்டும் ஒவ்வொரு ஸ்குரூ நேராகப் போட்டால், அசைவு இரு பக்கமும் சமமாகப் பிரியும். ஸ்குரூ பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கு. பித்தளை மென்மையானது, முதலில் அதே அளவு இரும்பு ஸ்குரூவை ஓட்டி வழி செய்து, கழற்றிவிட்டுப் பித்தளையை ஓட்டுங்கள்.

பூச்சில் அரக்குப் பொலிஷ் அழகானது, சாப்பாட்டு மேசைக்கு உதவாது. சூடான தேநீர்க் கோப்பை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழும். தெளிக்கும் லக்கர் மழைக் காலத்தில் ஈரத்தைப் பிடித்துப் பால் மாதிரி மங்கும். கையால் பூசுவதற்குப் பொலியூரத்தேன் வார்னிஷ்தான் நான் சொல்வேன். முதல் பூச்சில் மூன்றுக்கு ஒன்று டர்பன்டைன் கலந்து நீர்ப்பாக, மரம் குடிக்கும்படி. பிறகு மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளியும் 320 பேப்பரால் மெல்லிய தேய்ப்பும். தேக்கில் முதல் பூச்சு காயத் தாமதித்தால் எண்ணெய்தான் காரணம், பூசுமுன் தின்னரால் துடைத்தால் குறையும். இரும்புப் பஞ்சால் தேய்க்க வேண்டாம். இழைக்குள் மாட்டும் துணுக்குகள் துருப்பிடித்துக் கரும்புள்ளியாகும். கச்சான் நாட்களில் காற்று எழும்புமுன் காலையிலேயே பூசி, அறையின் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்குங்கள்.

மேற்பலகையின் அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கத்தின் அத்தனை பூச்சும் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பக்கம்தானே என்று விட்டால், அந்தப் பக்கம் மட்டும் ஈரத்தைக் குடித்து, மழை தொடங்கி ஒரு மாதத்தில் மேசை கிண்ணமாகும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் ஒன்றை மறக்கவே கூடாது. எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றும். துணியை விரித்துக் கொடியில் காய விடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகரத்தில் அமிழ்த்துங்கள்.

கால்களின் அடியையும் கவனியுங்கள். நம் வீடுகளில் தரை தண்ணீர் ஊற்றிக் கழுவப்படும், காலின் அடி நுனி உறிஞ்சுகுழல் மாதிரி அதை இழுக்கும். அடியில் வார்னிஷை நாலைந்து முறை, குடிப்பது நிற்கும்வரை பூசி, சுற்று விளிம்பை ஒரு நூல் சாய்த்துச் சீவி, நைலோன் பாதம் ஒன்று வையுங்கள். இழுக்கும்போது சிம்பு பெயராது.

முதல் ஆவணியில் ஒருமுறை மேசைக்கு அடியில் படுத்துப் பாருங்கள். நீளச் சட்டங்களில் நாக்கு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அங்கே அளக்கலாம். குழியை விட்டு வெளியேறும் அளவுக்கு வந்திருந்தால் கட்டையைக் கழற்றி ஒரு நூல் உள்ளே தள்ளிப் போடுங்கள். மார்கழியில் இன்னொருமுறை பாருங்கள். நாக்குக் குழியின் அடியை முட்டி நின்றால் நுனியில் ஒரு சீவல் எடுத்துவிடுங்கள்.